சிவப்புத் தண்ணீர், பச்சைத் தண்ணீர்

தாழ்வுபாட்டில் கடலைக் கண்டால் வாந்தி எடுக்கிற ஆம்பிளை நான் ஒருவன்தான். இதை ஒளித்துப் பிரயோசனம் இல்லை. ஊரே கரையில் நின்று பார்த்திருக்கிறது.

நான் பிறந்தது பாப்பாமோட்டையில். எங்கள் ஆட்களுக்குத் தண்ணீர் என்றால் வயல் வரம்புக்குள் முழங்காலளவு அடங்கி நிற்கிற சாமான். அதற்கு அலை கிடையாது. மன்னார்ப் பட்டினத்தில் கொம்பியூட்டர் படிக்க வந்த இடத்தில் ஒரு பெண்ணைக் கண்டு, அவளுக்காக ஞானஸ்நானமும் எடுத்து, தாழ்வுபாட்டில் அவளுடைய சீதன வீட்டில் குடியேறினேன். எனக்குத் தண்ணீரில் கண்டம் என்று சாதகத்தில் எழுதியிருந்தது. ஞானஸ்நானத்தன்று சுவாமியார் தலையில் ஊற்றியதோடு அந்தக் கண்டம் கழிந்தது என்றுதான் நினைத்தேன்.

கலியாணம் முடிந்து இரண்டாம் கிழமை மனைவியின் தகப்பன் என்னைக் கடலுக்குக் கூட்டிப்போனார். அவரை நான் மாமா என்று கூப்பிடுவேன், எங்களோடுதான் இருக்கிறார். மூன்று மாதம் அவருடைய வள்ளத்தில் போனேன். வலை இழுத்ததைவிட வள்ளத்தின் விளிம்பைப் பிடித்துக்கொண்டு குனிந்து நின்றதுதான் அதிகம். மாமா ஒரு சொல் திட்டியதில்லை. முகத்தை மற்றப் பக்கம் திருப்பி, எஞ்சினைப் பார்த்தபடி இருப்பார். திட்டியிருந்தால் எனக்குக் கொஞ்சம் ஆறுதலாக இருந்திருக்கும்.

கடைசியில் மனைவிதான் குறுக்கே விழுந்து, தன் நகையில் கொஞ்சத்தைக் கொடுத்து, ஒரு பழைய வான் எடுத்துத் தந்தாள். காலையில் பள்ளிக்கூடப் பிள்ளைகளை ஏற்றுவது, மற்ற நேரம் கலியாண வீடு, செத்த வீடு என்று ஹயருக்குப் போவது. தரையில் நான் ராசா. பிள்ளைகளின் தாய்மார் என்னை அண்ணை என்று மரியாதையாகக் கூப்பிட்டார்கள். கரையில் நின்று சிரித்த அதே பெண்கள்தான்.

அந்த வானை நான் இரண்டு வருடத்தில் கொன்றேன். கொன்றது எங்கள் கிணற்றுத் தண்ணீர். எங்கள் கிணற்றுத் தண்ணீரில் தேத்தண்ணீர் போட்டால், சீனி போட்டதா உப்புப் போட்டதா என்று கேட்டுத்தான் குடிக்க வேண்டும். ஆனால் பாப்பாமோட்டையில் என் அப்பா இருபது வருடமாக ட்ரக்டருக்கு வாய்க்கால் தண்ணீர் ஊற்றி ஓட்டியவர். எஞ்சினுக்குத் தேவை தண்ணீர், அது எந்தத் தண்ணீராக இருந்தால் என்ன என்பது எங்கள் குடும்பத்துக் கொள்கை. நானும் நாளுக்கொரு வாளி ஊற்றினேன். ஒருநாள் தோட்டவெளியில் வான் கொதித்து நின்றது. கழற்றிப் பார்த்தால் றேடியேற்றருக்குள் கேத்தலின் அடியில் பிடிக்கிற மாதிரி வெள்ளை வெள்ளையாகப் படிந்து கிடந்தது. எஞ்சின் தலைப்பாகம் வளைந்துபோயிருந்தது.

இரண்டாவது வானை எடுத்துத் தரும்போது மனைவி அதிகம் பேசவில்லை. அவள் அதிகம் பேசாவிட்டால்தான் பயப்பட வேண்டும்.

"இஞ்சேருங்கோ," என்றாள். "இந்த வானும் அவிஞ்சு போச்செண்டா, ஒரு கதையும் கதையாமல் அப்பாவோட கடலுக்குப் போங்கோ. அவருக்கும் வள்ளத்தில ஆள் இல்ல."

அதற்குப் பிறகு நான் வீதியைப் பார்த்து ஓட்டிய நேரத்தைவிட, டாஷ்போர்டில் சூடு காட்டுகிற முள்ளைப் பார்த்து ஓட்டிய நேரம் அதிகம். முள் நடுவில் நின்றால் நான் மனிதன். ஒரு மயிரளவு மேலே ஏறினால் எனக்கு வாயில் எச்சில் ஊறி, வயிற்றைப் பிரட்டத் தொடங்கும். வான் தரையில்தான் ஓடும், எனக்கு அலை அடிக்கும்.

இந்த முறை கிணற்றுப் பக்கமே போவதில்லை என்று முடிவெடுத்தேன். மன்னாரில் வாகனச் சாமான் விற்கிற ஒருவர் இருக்கிறார். தேவைப்பட்டால் சாரத்தை மடித்துக் கட்டிக்கொண்டு வண்டிக்கு அடியிலும் படுப்பார். அவரிடம் போய், எஞ்சினுக்கு ஊற்றுகிற கூலன்ட் மாற்ற வேண்டும் என்றேன். அவர் மேசையில் இரண்டு போத்தலை வைத்தார். ஒன்று சிவப்பு, வானைச் செய்த கம்பனியே தன் பெயரைப் போட்டு விற்பது. மற்றது பச்சை, வேறு யாரோ செய்து, எல்லா வாகனத்துக்கும் ஆகும் என்று விற்பது.

"கம்பனிச் சாமான் எண்டா கண்ணை மூடிக்கொண்டு ஊத்தலாம்," என்றார். "தண்ணி கலக்கத் தேவையில்ல. மற்றது வெளிச்சாமான். கூடாதெண்டு சொல்லமாட்டன். ஆனா உங்கட வானுக்குச் சரிவருமோ எண்டு போத்தலில வாசிச்சுப் பாக்கோணும். பற்றரிக்கு ஊத்துற தண்ணிதான் கலக்கோணும். கிணத்துத் தண்ணி கலந்தியளெண்டா பழைய கதைதான்."

"அப்ப கொஞ்சம் இது, கொஞ்சம் அது ஊத்தினா?"

"ரெண்டையும் கலந்து போடாதேங்கோ. சிலது ஒண்டோட ஒண்டு சேராது, கூழாப் போயிடும்."

"எது நல்லது எண்டு சொல்லுங்கோவன்."

"அது உங்களைப் பொறுத்தது."

எனக்கு இந்தப் பதிலைக் கேட்டால் கோபம் வரும். என்னைப் பொறுத்து நடந்த காரியம் ஒன்றாவது உருப்பட்டிருக்கிறதா? ஒன்றும் வாங்காமல் வீட்டுக்கு வந்தேன்.

வந்து ஊரில் விசாரித்தேன். அது அதைவிடப் பிழை. தாழ்வுபாட்டில் நாலைந்து வள்ளம் வைத்திருக்கிற சம்மாட்டி முதல் சைக்கிளில் மீன் விற்கிறவர் வரை எல்லோருக்கும் எஞ்சினைப் பற்றி ஓர் அபிப்பிராயம் இருக்கிறது. கம்பனிப் போத்தல் என்பது பெயருக்கு விலை என்றார் ஒருவர். வெளிச்சாமான் என்பது நிறம் போட்ட பச்சைத் தண்ணீர் என்றார் இன்னொருவர். மோட்டார் சைக்கிள் வைத்திருக்கிறவர், தன்னுடையதற்குக் காற்றே போதும், வானுக்கு மட்டும் என்ன கொழுப்பா என்று கேட்டார். அப்பாவுக்குத் தொலைபேசி எடுத்தேன். "போத்தல்ல தண்ணி வாங்கி எஞ்சினுக்கு ஊத்திறியோ?" என்று கேட்டுவிட்டு, அம்மாவிடம் தொலைபேசியைக் கொடுத்துவிட்டார். ஊர் வாயை மூட உலைமூடி இல்லை. நானாகத் திறந்துவிட்ட வாய் வேறு.

மறுநாள் மாமாவுக்கு வள்ளத்து எஞ்சினுக்கு பிளக் வாங்க வேண்டியிருந்தது. இருவருமாகக் கடைக்குப் போனோம்.

மாமாவைப் பற்றி இங்கே ஒன்று சொல்ல வேண்டும். வள்ளத்து எஞ்சின் கடல் தண்ணீரை உறிஞ்சி, தன்னைக் குளிர்த்திக்கொண்டு, பின்பக்கம் ஒரு சின்னத் துளையால் அதைத் தாரையாகத் துப்பும். மாமா அதை எஞ்சின் மூத்திரம் பெய்யுது என்பார். அந்தத் தாரை ஓடும்வரை எஞ்சினுக்குச் சுகம். நின்றுவிட்டால் உடனே எஞ்சினை நிற்பாட்டி, அடைப்பை எடுக்க வேண்டும். பிந்தினால் எஞ்சின் எரிந்து, கரை தெரியாத இடத்தில் நிற்க வேண்டியதுதான். நாற்பது வருடமாக அவர் கடலைப் பார்த்ததைவிட அந்தத் தாரையைப் பார்த்ததுதான் அதிகம்.

கடைக்காரர் வானுக்கு அடியில் படுத்து, றேடியேற்றரின் அடியில் இருக்கிற பிளாஸ்டிக் திறப்பைக் கையால் திருகினார். பழைய தண்ணீர் தாரையாக ஓடியது. குந்தியிருந்து பார்த்த மாமாவின் முகம் மலர்ந்தது.

"ஆ, இதாலதான் வருதோ!"

"இது மாத்தேக்க மட்டும் திறக்கிறது," என்றார் கடைக்காரர். "மற்ற நேரம் தண்ணி வெளியில வராது. உள்ளுக்கையே சுத்தும்."

"ஒரு சொட்டும்?"

"ஒரு சொட்டும் வரக்கூடாது."

"அப்ப சுத்துதோ நிண்டுபோச்சோ எண்டு எப்பிடித் தெரியும்?"

"நம்போணும்."

"நம்புறதுக்குக் கோயில் இருக்கு," என்றார் மாமா. பிறகு என்னைப் பார்த்தார். சுகமில்லாத வருத்தக்காரனைப் பார்க்கிற பார்வை.

நான் கண்ணை மூடிக்கொண்டு கம்பனிச் சிவப்பை எடுத்தேன். கண்ணை மூடிக்கொண்டு ஊற்றலாம் என்று அவர்தானே சொன்னார். கடைக்காரர் ஊற்றி, காற்றுக் குமிழி போகும்வரை எஞ்சினை ஓடவிட்டு, பக்கத்திலிருந்த வெள்ளைப் பிளாஸ்டிக் தாங்கியில் இரண்டு கோடு காட்டினார். தண்ணீர் அந்த இரண்டு கோட்டுக்கும் நடுவில் நிற்க வேண்டுமாம். "இது நிலத்தில சிந்தினா மூடிப்போடுங்கோ. இனிப்பா இருக்கும். ஆடு, கோழி நக்கினாச் செத்துப்போகும்," என்று ஒரு புத்தியும் சொல்லி அனுப்பினார்.

நாலாம் நாள் தாங்கியில் தண்ணீர் ஒரு விரல் இறங்கியிருந்தது. ஒரு கிழமையில் கீழ்க்கோட்டைத் தொட்டது.

வானுக்கு அடியில் படுத்துப் பார்த்தேன். ஒரு ஈரமும் இல்லை. பள்ளிக்கூட வாசலில் வான் நிற்கிற இடத்தைக் குனிந்து பார்த்தேன். காய்ந்த நிலம். இரண்டு கழுதைகள் மட்டும் நின்று என்னையே பார்த்தன. மன்னாரில் கழுதை இல்லாத இடமில்லை. இந்தக் கழுதைகள் இரவில் வந்து வானோடு உரஞ்சி ஏதாவது குழாயைக் கழற்றிவிட்டதோ என்று இரண்டு நாள் அவற்றைச் சந்தேகித்தேன். பாவம், அதுகளுக்கு நான் என்ன பதில் சொல்வேன்.

பிறகு போத்தலைச் சந்தேகித்தேன். கம்பனிப் பெயரைப் போட்டு யாரோ அடுப்படியில் காய்ச்சியதாக இருக்கும், அதுதான் ஆவியாகப் போகுது என்று ஊரில் ஒரு கட்சி சொன்னது. கடைக்குப் போய்ச் சண்டை பிடித்தேன். கடைக்காரர் ஒரு பம்பைக் கொண்டுவந்து மூடியில் பூட்டி, உள்ளே காற்றடித்துப் பார்த்தார். எங்கும் கசியவில்லை.

"தண்ணி ஒரு இடமும் போகேல்ல," என்றார்.

"போகாட்டி எங்க போனது?"

"அதைத்தான் நானும் கேக்கிறன். நீங்கள் மூடியைத் திறந்து திறந்து பாக்கிறனீங்களோ?"

நான் பச்சையை ஊற்றச் சொல்லி அடம்பிடித்தேன். அவர் பாவம், சிவப்பை முழுக்க இறக்கி, உள்ளே கழுவி, பற்றரித் தண்ணீர் கலந்து பச்சையை ஊற்றினார். பச்சையும் நாலாம் நாள் ஒரு விரல் இறங்கியது. கம்பனிச் சாமானும் சரி, வெளிச்சாமானும் சரி, என் வானுக்குள் போனால் கடலில் கரைத்த பெருங்காயம்தான்.

இந்த நாட்களில் மாமாவிடம் இரண்டு மாற்றங்களைக் கண்டேன். அவர் விடியுமுன் கரைக்கு வந்து, மீனை ஏலத்தில் கொடுத்துவிட்டு, ஆறு மணிக்கெல்லாம் வீட்டில் நிற்பார். பிறந்த நாள் தொட்டு விளக்குமாறு பிடிக்காத மனிதன், அந்த நேரத்தில் முற்றம் கூட்டத் தொடங்கினார். மனைவிக்குப் பெருமை. "அப்பாவைப் பாருங்கோ, இந்த வயசில," என்று எனக்குக் குத்தினாள். இரண்டாவது, கரையில் வலை வைக்கிற மீன்வாடியில் தொங்கிய என் மஞ்சள் மழைக்கோட்டை ஒருநாள் வீட்டுக்குக் கொண்டுவந்தார். கடலுக்குப் போன காலத்தில் நான் போட்டது. அதைச் சவர்க்காரம் போட்டுத் தோய்த்துக் கொடியில் காயவிட்டார்.

அந்த மழைக்கோட்டு காற்றில் கையை ஆட்டி ஆட்டி என்னைக் கூப்பிட்டது. எனக்கு எல்லாம் விளங்கிவிட்டது. மனிதன் என்னை எதிர்பார்த்துக்கொண்டிருக்கிறார். ஒவ்வொரு பின்னேரமும், "தம்பி, வான் எப்பிடி? ஹீற் ஏறேல்லையோ?" என்று அவர் கேட்பதும் அதற்குத்தான். ஏறட்டும் என்று காத்திருக்கிறார். நான் பல்லைக் கடித்துக்கொண்டு, "நல்லா இருக்கு மாமா," என்பேன். அவர் நம்பாத மாதிரித் தலையாட்டிவிட்டுப் போவார்.

எனக்குப் பயம் கடலில் மட்டும் இல்லை. அந்த மூன்று மாதமும் ஒவ்வொரு விடியலும், நான் ஒன்றுக்கும் உதவாதவன் என்று ஈர மணலில் கால் வைக்கும்போதே எனக்குத் தெரிந்துவிடும். அந்த நினைப்போடு திரும்பவும் எழும்ப என்னால் முடியாது. அதற்கு வாந்தியே பரவாயில்லை.

அந்த ஞாயிறு, பெருநிலத்தில் மனைவியின் சொந்தத்தில் ஒரு பிள்ளைக்கு ஞானஸ்நானம். மனைவி, இரண்டு பிள்ளைகள், மாமா, மனைவியின் சின்னம்மாமார் நாலு பேர் எல்லோரும் வெளிக்கிட்டு வானில் ஏறினார்கள். காலையில் தாங்கியைப் பார்த்து நிரப்பியிருந்தேன், பிழை வராது என்று நம்பினேன். தீவை விட்டுப் பெருநிலத்துக்குப் போகிற கடல்நடு வீதியில் பாதி தூரம் போயிருப்போம். முள் எழும்பியது. நடுவைத் தாண்டியது. முன்பக்கத்தால் புகை வந்தது. வானை ஓரங்கட்டி நிற்பாட்டினேன்.

இரண்டு பக்கமும் கடல். கண்ணுக்கெட்டிய தூரம் தண்ணீர். நடுவில் தண்ணீரில்லாமல் என் எஞ்சின். மாமா ஒரு வெறும் எண்ணெய்க் கானைத் தூக்கிக்கொண்டு கல்லில் இறங்கிவிட்டார்.

"மாமா! எங்க போறியள்?"

"தண்ணி அள்ள."

"உப்புத் தண்ணி ஊத்தினா இண்டையோட வான் முடிஞ்சுது!"

"நாப்பது வருசமா என்ர எஞ்சின் உந்தத் தண்ணியைத்தான் குடிக்குது. அதுக்கு ஒரு தடிமன் காய்ச்சல் வந்ததோ?"

"இது வேற எஞ்சின் மாமா!"

"வேற எஞ்சின்தான். அதுதானே இப்பிடி நிக்குது," என்று கானோடு மேலே ஏறிவந்தார். நான் றேடியேற்றர் மூடிக்குமேல் கையை விரித்துக்கொண்டு காவல் நின்றேன். சின்னம்மா ஒருத்தி வானுக்குள் இருந்து சீலைத் தலைப்பால் விசிறியபடி, "மருமோன் தரையிலயும் கப்பலைக் கவுத்துப்போட்டார்," என்றாள். மற்ற மூன்று பேரும் சிரித்தார்கள். மனைவி சிரிக்கவில்லை. அதுதான் எனக்குப் பயம்.

அரை மணித்தியாலத்துக்கு மேல் வெயிலில் நின்று எஞ்சின் ஆறிய பிறகு, எல்லோருடைய குடிதண்ணீர்ப் போத்தலையும் வாங்கி ஊற்றினேன். என் மகள் தன்னுடைய போத்தலைத் தரமாட்டேன் என்று அழுதாள். ஊர்ந்து ஊர்ந்து போய்ச் சேர்ந்தபோது பிள்ளைக்குப் பெயர் வைத்து முடிந்திருந்தது. சோறு மட்டும் மிச்சம் இருந்தது.

அன்று பின்னேரம் மனைவி தோய்த்த உடுப்புகளை மடித்து அலுமாரிக்குள் வைத்துக்கொண்டிருந்தாள். என் பக்கம் திரும்பாமல் கேட்டாள்.

"உங்கட அந்தக் கடல் சாரம் எங்க கிடக்குது?"

நான் எழும்பி வானடிக்குப் போனேன். அன்றிரவு எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை.

திங்கள் காலை வழமைபோல வானை ஸ்ராட் செய்து, எஞ்சின் சூடாகட்டும் என்று ஓடவிட்டு, சேட் போட வீட்டுக்குள் போனேன். கொடியில் கிடந்த சேட்டுக்குப் பொத்தான் ஒன்று இல்லை. வேறு சேட் வானுக்குள் கிடந்தது ஞாபகம் வந்து உடனே திரும்பினேன்.

வானின் முன்பக்கத்துக்கு அடியில் இரண்டு கால்கள் நீட்டிக்கொண்டிருந்தன. பக்கத்தில் விளக்குமாறு.

"மாமா!"

கால்கள் அசையவில்லை. குனிந்து பார்த்தேன். மாமா மல்லாந்து படுத்து, றேடியேற்றரின் அடித்திறப்பை இரண்டு விரலால் பிடித்தபடி இருந்தார். அதனால் என் பச்சைத் தண்ணீர் மெல்லிய தாரையாக ஓடி ஒரு சிரட்டைக்குள் விழுந்துகொண்டிருந்தது. என்னைக் கண்டதும் அவர் பதறவில்லை. டொக்டர் வருத்தக்காரனின் வீட்டாருக்குச் சொல்கிற மாதிரி ஆறுதலாகச் சொன்னார்.

"பயப்பிடாதேங்கோ தம்பி. இண்டைக்கு நல்லாப் போகுது."

நான் ஓடிப்போய் எஞ்சினை நிற்பாட்டினேன். "எத்தினை நாளா இது?"

"மாத்தின நாளில இருந்து. எவ்வளவு காலம் அடக்கிக்கொண்டு ஓடும், அதுவும் ஒரு எஞ்சின்தானே." திறப்பைப் பூட்டிவிட்டு, சிரட்டையோடு வெளியே வந்தார். "நேற்று மட்டும் தூரப் பயணம் எண்டு கொஞ்சம் கூட விட்டனான். அப்பிடி விட்டும் கொதிச்சிட்டுதே, பாத்தீங்களோ? விடாமல் போயிருந்தா என்ன நடந்திருக்கும்?"

சொல்லிக்கொண்டே வேலிக்கரையில் ஒரு குழியில் அதை ஊற்றி, காலால் மண்ணைத் தள்ளி மூடினார். கோழி நக்கிவிடுமாம். சிந்தியதைக் கூட்டித் தள்ளத்தான் இவ்வளவு நாளும் விளக்குமாறு.

சிவப்பு, பச்சை, பம்பு, கழுதை, கடைக்காரரோடு பிடித்த சண்டை எல்லாம் ஒன்றாக என் தலைக்குள் ஏறின. இருந்த மரியாதையும் போய்விட்டது. வாழ்க்கையில் முதல்தரம் மாமாவைப் பார்த்துக் கத்தினேன்.

"நீங்கள் வேணுமெண்டுதான் செய்தனீங்கள்! வானைச் சாக்காட்டினா நான் உங்கட வள்ளத்துக்கு வருவன் எண்டு! மழைக்கோட்டைத் தோய்ச்சு வச்சுக்கொண்டு பாத்துக்கொண்டு இருக்கிறியள்! நான் மாட்டன் மாமா. என்னால ஏலாது. கொண்டு போய்ப் பாப்பாமோட்டையில விட்டாலும் வரமாட்டன்!"

மாமாவின் கையிலிருந்த சிரட்டை விழுந்தது.

"உங்களையோ? என்ர வள்ளத்திலயோ?" என்றார். நெற்றியில் சிலுவை போட்டார். "மாதாவே!"

வானின் படியில் பொத்தென்று குந்தினார்.

"தம்பி, நீங்கள் வந்த மூண்டு மாசமும் நான் பட்ட பாடு கடவுளுக்குத்தான் தெரியும். நீங்கள் விளிம்பில தொங்கிக்கொண்டு நிப்பியள். விழுந்தா மகளுக்கு நான் என்ன பதில் சொல்றது? ஒரு கையால வலை இழுப்பன். மற்றக் கையால உங்கட சேட்டைப் பிடிச்சிருப்பன். மூண்டு மாசமும் ஒரு கையாலதான் தொழில் செய்தனான். மழைக்கோட்டை நேற்று வேற ஒரு பெடியனுக்குக் குடுத்திட்டன். அது வாடியில கிடந்தா நீங்கள் வந்து போட்டுக்கொண்டு ஏறிடுவியளோ எண்டு பயம்."

அந்த நாட்களில் என் சேட் எப்போதும் பின்னால் இழுபட்டபடியே இருக்கும். காற்று என்றுதான் நான் நினைத்திருந்தேன். அவர் முகத்தைத் திருப்பிக்கொண்டது அருவருப்பில் என்று நினைத்திருந்தேன். கையை மட்டும் நான் பார்க்கவேயில்லை.

"அப்ப ஏன் மாமா இதைத் திறந்தனீங்கள்?" என்றேன்.

"வான் நிண்டா நீங்கள் கடலுக்கு வருவியள் எண்டு அவள்தானே சொன்னவள். 'அப்பா, இந்த வானும் போச்செண்டா இவரைத்தான் உங்களோட அனுப்புவன்' எண்டு. அண்டையில இருந்து எனக்கு நித்திரை இல்ல. அதுதான் இது சுகமா இருக்குதோ எண்டு காலமை காலமை பாத்தனான்."

நாங்கள் இரண்டு பேரும் ஒரே நேரத்தில் குசினி யன்னலைப் பார்த்தோம். மனைவி கையில் கேத்தலோடு நின்றாள். எவ்வளவு நேரமாக நிற்கிறாளோ தெரியாது.

"பள்ளிக்கூடத்துக்கு நேரமாகுது," என்று சொல்லிவிட்டு உள்ளே போனாள்.

தாங்கிக்குப் பற்றரித் தண்ணீர் ஊற்றி, பிள்ளைகளை மெதுவாகக் கொண்டுபோய் இறக்கிவிட்டு, மாமாவையும் ஏற்றிக்கொண்டு நேரே கடைக்குப் போனேன். நடந்ததைச் சொல்லி, சண்டை பிடித்ததற்கு மன்னிப்புக் கேட்டேன். கடைக்காரர் வாயைப் பொத்திக்கொண்டு கொஞ்ச நேரம் சாமான் தட்டுகளுக்குப் பின்னால் போய் நின்றுவிட்டு வந்தார். எஞ்சினைச் சோதித்துப் பார்த்தார். தலைப்பாகம் தப்பியிருந்தது. குடிதண்ணீரும் பச்சையும் கலந்து கிடந்ததை முழுக்க இறக்கிக் கழுவினார். மாமாவைக் கூப்பிட்டு, இனி அடியில் படுக்கத் தேவையில்லை, இந்தத் தாங்கியில் தண்ணீர் இரண்டு கோட்டுக்கும் நடுவில் நின்றால் எஞ்சினுக்குச் சுகம்தான் என்று விளங்கப்படுத்தினார். மாமா குனிந்து அந்தக் கோடுகளைப் பார்த்தார். பெரிய திருப்தி என்று சொல்ல முடியாது. ஆனாலும் பார்க்க ஒன்றாவது கிடைத்ததே என்று தலையாட்டினார்.

பிறகு கடைக்காரர் அதே இரண்டு போத்தலையும் மேசையில் கொண்டுவந்து வைத்தார். சிவப்பு ஒரு பக்கம், பச்சை ஒரு பக்கம்.

"இப்ப எதை ஊத்துறது?"

எனக்கு அப்போதும் முடிவு வரவில்லை. இரண்டிலும் ஒரு பிழையும் இல்லை என்று தெரிந்த பிறகு தெரிவு செய்வது இன்னும் கஷ்டமாக இருந்தது. பச்சைப் போத்தலைத் திருப்பி, பின்னால் எழுதியிருந்ததை வாசிக்கத் தொடங்கினேன். மாமா என் சேட்டைப் பின்னால் பிடித்து மெதுவாக விலக்கிவிட்டு, மேசைக்கு முன்னால் வந்து நின்றார்.

"முதலாளி," என்றார். "இந்த ரெண்டில எதை ஊத்தினா இவர் என்ர வள்ளத்தில ஏறமாட்டார் எண்டு நீங்கள் சத்தியம் பண்ணுவியளோ, அதைத் தாங்கோ."

கடைக்காரர் ஒரு கதையும் கதையாமல் பச்சையைச் சாமான் தட்டில் திருப்பி வைத்துவிட்டு, சிவப்பின் மூடியைத் திறந்தார்.